ஏழு முறை சீரமைப்பு

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு பத்துக்கு அந்தச் சொல் வந்து சேர்ந்தது.

தலைமை அலுவலகத்தின் கடிதம் ஒரே பக்கம்தான். மூன்றே பத்தி. பிரிண்டரிலிருந்து சூடாக வெளியே வந்த தாளை உருவி, நடந்துகொண்டே படிக்க ஆரம்பித்த டிக்‌ஷனரி, இரண்டாவது பத்தியில் நின்றுவிட்டாள்.

'சீஸ்.'

நிறுத்துதல். இதோடு சரி என்று கையைத் தட்டிவிட்டு எழுந்து போய்விடுதல்.

டிக்‌ஷனரி என்பது அந்த அட்டைப்பெட்டி ஆலையில் அவளுக்கு வைத்த பெயர். ஒன்பது வருடமாக அவளுக்கு ஒரே வேலை. ஆங்கிலத்தில் வரும் கடிதங்களைத் தமிழில் எழுதி, டைப் அடித்து, மேனேஜரிடம் கையெழுத்தும் சீலும் வாங்கி, கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணாடிப் பலகைக்குள் ஒட்டுவது. ஆலையில் எழுபத்திரண்டு தொழிலாளிகள். அவர்களில் ஒருவன் அவளுடைய கொழுந்தன், கணவரின் தம்பி. அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டவளே அவள்தான்.

கடிதம் சொன்னது இதுதான். மாதக் கடைசியோடு இங்கே உற்பத்தி நின்றுவிடும். இடமாறுதலுக்குப் பெயர் கொடுத்தவர்களுக்கு வேறு ஊரிலுள்ள ஆலையில் வேலை உண்டு. பெயர் கொடுக்காதவர்கள் முப்பதாம் தேதி வீட்டுக்குப் போகலாம். பெயர்ப் பட்டியல் இன்று மூன்று மணிக்கு மூடப்படும்.

மேனேஜர் அறை வாசலில் ஸ்டூல் மேல் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. ஆலையிலேயே ஐந்து அடுக்கு அட்டையில் செய்த பெட்டி. மேலே கத்தியால் கீறிய ஒரு திறப்பு. ஃபாரத்தில் பெயர் எழுதி, அந்தத் தாளை அதற்குள் போட வேண்டும். நான்கு வாரமாக அங்கேயே இருக்கிறது. நேற்று மாலை மேனேஜர் எண்ணியபோது உள்ளே பதினொரு தாள்.

அந்தப் பதினொன்றில் கொழுந்தன் இல்லை. இல்லாததற்குக் காரணம் டிக்‌ஷனரி.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரமும் ஐம்பது நிமிடமும் இருந்தன.

இது இரண்டு வருடத்துக் கதை.

அப்போது ஒரு கடிதத்தில் 'ரெடக்‌ஷன்' என்று ஒரு சொல் வந்தது. குறைப்பு. கடிதத்தைக் கடைசிவரை படிக்காமல், தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், "ஆளைக் குறைக்கப் போறாங்க போல இருக்கு" என்று வாயை விட்டுவிட்டாள். ஒரு மணி நேரத்துக்குள் அந்தப் பேச்சுக்குக் கை முளைத்து, கால் முளைத்து, மீசையும் முளைத்துவிட்டது. காகித ரீல்களை உருட்டி மெஷினில் ஏற்றும் ரீல்காரர், இருபது வருட சர்வீஸ், மானஸ்தர். பிடித்துத் தள்ளுவதற்கு முன் நாமே போய்விடலாம் என்று அன்று மாலையே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுக் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போய்விட்டார். மறுநாள் முழுக் கடிதமும் கண்ணாடிக்குள் வந்தது. குறைந்தது ஓவர்டைம் மட்டும்தான். யாருக்கும் வேலை போகவில்லை, அவரைத் தவிர.

இன்றைக்கும் மார்க்கெட்டில் பார்த்தால் தலையில் மூட்டையோடு நின்று, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கேட்பார். திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

அதிலிருந்து ஆலையில் ஒரு கட்டுப்பாடு வந்தது. கண்ணாடிக்குள் வந்தால்தான் செய்தி. வெளியே யார் சொன்னாலும் வதந்தி. டிக்‌ஷனரிக்குள்ளும் ஒரு பயம் வந்து பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு எந்தக் கடிதத்தில் எந்த இறங்குமுகச் சொல் வந்தாலும் அவள் விரல் தானாக ஒரே வார்த்தையைத் தட்டியது.

சீரமைப்பு.

தமிழில் வார்த்தைக்கா பஞ்சம்? நிலா தேயும், குளம் வற்றும், பூ வாடும், துணி சுருங்கும், உடம்பு மெலியும், விலை சரியும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு சொல் இருந்தது. ஒன்றையும் அவள் எடுக்கவில்லை. ஆர்டர்கள் தேய்வதை 'டிவிண்டில்' என்று கடிதம் சொன்னால், 'ஆர்டர்கள் சீரமைக்கப்படுகின்றன' என்று கண்ணாடிக்குள் போகும். படிப்பவர்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். யாரும் ராஜினாமா எழுதவில்லை. அவளுக்குத் தூக்கம் வந்தது.

நான்கு வாரத்துக்கு முன் வந்த ஏழாவது கடிதத்தில் 'வைண்ட் டவுன்' என்றிருந்தது. அகராதியைப் புரட்டினாள். படிப்படியாக மூடுதல் என்று போட்டிருந்தது. புத்தகத்தைப் படக்கென்று மூடினாள். இடமாறுதலுக்கு விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்பதைச் சரியாக எழுதினாள். அதற்கடுத்த வரியில் ரீல்காரர் முகம் வந்து நின்றது. 'மற்றவர்கள் சீரமைப்புக்கு உட்பட்டு இங்கேயே தொடரலாம்' என்று எழுதினாள்.

'தொடரலாம்' என்ற சொல் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

இன்று வந்த கடிதத்தை மேனேஜர் ஒரு தடவை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"திங்கட்கிழமை காலைல எட்டு மணிக்கு இது கண்ணாடிக்குள்ள இருக்கணும். அதுக்கு முன்னாடி வேண்டாம்னு போன்லயும் சொல்லிட்டாங்க. யார்கிட்டயும் பேசாதீங்க."

"மூணு மணிக்குப் பெட்டி மூடிடுமே சார்."

"ஆமா. அதுக்கென்ன?"

"அதுக்கப்புறம் திங்கட்கிழமை இதைப் படிச்சு என்ன சார் பிரயோஜனம்?"

"யாருக்கும் இதுல புதுசா ஒண்ணும் இல்லம்மா. எல்லாரும் எதிர்பார்த்ததுதான்." அவர் வேறு ஃபைலைத் திறந்துகொண்டார். "ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் லிஸ்ட் கொண்டு வந்துடுங்க."

கல்நெஞ்சக்காரர் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வெளியே வந்தாள். திட்டுவது கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது. தப்பை இறக்கி வைக்க இன்னொரு தோள் கிடைத்துவிட்டதே.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. கொழுந்தன் கடைசி மேசையில் தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தான். கை முழங்கைவரை கழுவியும் நகக்கண்ணில் பசை வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"வாங்க அண்ணி. உங்க ஓரகத்தி இன்னைக்கு உப்பு போட மறந்துட்டா. காலைல போட்ட சண்டைய தொட்டுக்கிட்டுச் சாப்பிடறேன். காரசாரமாத்தான் இருக்கு."

"தம்பி, நான் சொல்றதை சத்தம் போடாம கேளு. மூணு மணிக்குள்ள பெட்டியில பேர் போட்டுடு."

"எதுக்கு?"

"மாசக் கடைசில இதை மூடப் போறாங்க. லெட்டர் வந்துடுச்சு."

மென்றுகொண்டிருந்த வாய் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி மென்றது.

"கண்ணாடிக்குள்ள வந்துடுச்சா?"

"திங்கட்கிழமைதான் வரும்."

"அப்ப திங்கட்கிழமை படிச்சுக்கறேன்."

"விளையாடாதே. மூணு மணிக்கு மேல ஒருத்தர் பேரும் எடுத்துக்க மாட்டாங்க."

"நான் எதுக்கு அண்ணி பேர் குடுக்கணும்? 'இங்கேயே தொடரலாம்'னு போட்டிருக்கு. இப்பவும் அங்கதான் ஒட்டியிருக்கு. நீங்க எழுதினது."

"அது தப்பு. நான் தப்பா எழுதிட்டேன்."

அவன் சிரித்தான். "டிக்‌ஷனரி எங்கயாவது தப்பா எழுதுமா? யாரோ உங்களை நல்லா பயமுறுத்தியிருக்காங்க. ரீல்காரர் கதை மறந்துடுச்சா? அன்னைக்கு எல்லாரும் நின்னு என்ன பேசினோம்? கூடப் பொறந்தவனே வந்து சொன்னாலும், கண்ணாடிக்கு வெளிய சொன்னா வதந்தி."

"அண்ணி சொன்னா?"

"அண்ணி சொன்னா மரியாதையா உட்கார்ந்து கேட்டுட்டு, அப்புறம் கண்ணாடியப் போய்ப் பார்ப்பேன்."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "உன்கிட்ட குடுத்த ஃபாரம் எங்க இருக்கு?"

"கட்டிலுக்கு அடியில. ஒரு கால் ஆடிக்கிட்டே இருந்துச்சு. உங்க நோட்டீஸை முழுசாப் படிச்ச அன்னைக்கு நாலா மடிச்சுக் காலுக்குக் கீழ வெச்சேன். ஆட்டம் நின்னுடுச்சு." டிபன் பாக்ஸின் மூடியை அவள் பக்கம் தள்ளினான். "சாப்பிடுங்க. வெறும் வயிறுதான் இல்லாததை எல்லாம் பேசச் சொல்லும்."

பக்கத்து மேசையிலிருந்து ஒரு தலை திரும்பியது. பெட்டிகளுக்குக் கம்பிப் பின் அடிக்கும் மெஷினில் இருக்கும் பெரியவர். எதைச் சொன்னாலும் "எனக்கென்னவோ சந்தேகமாத்தான் இருக்கு" என்று ஆரம்பிப்பதால் ஆலையில் அவர் பெயரே சந்தேகம்.

"என்ன குசுகுசுன்னு? குடும்பத்துல பாகப்பிரிவினையா?"

"உப்புப் பிரிவினை" என்றான் கொழுந்தன்.

அவள் எழுந்து வந்துவிட்டாள். கண்ணாடிக்கு வெளியே அவளுக்கு ஒரு மதிப்பும் இல்லை. உள்ளே இருந்தால்தான் வேதவாக்கு. அந்த வேதத்தைத்தான் அவள் ஏழு தடவை கெடுத்து வைத்திருந்தாள்.

மணி ஒன்று ஐந்து. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோதுதான் அந்த யோசனை வந்தது.

கண்ணாடிப் பலகையின் சாவி மேனேஜர் மேசை டிராயரில். கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினால்தான் சாவி வரும். ஆனால் மேனேஜருக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும். பள்ளிக்கூடமெல்லாம் வேறு மொழியில் படித்தவர். தமிழ் எழுத்து அவருக்குக் கோலம். ஒன்பது வருடமாக அவள் கொண்டுபோன தாள் எதையும் அவர் படித்ததில்லை. எத்தனை வரி என்று கேட்பார், கையெழுத்துப் போடுவார், சீல் குத்துவார்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குப் போவது ஷிஃப்ட் லிஸ்ட். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட அட்டவணை.

ஆகவே அவளும் கட்டம் போட்டாள். எட்டு வரி. முதல் கட்டத்தில் கடிதத்தின் தேதி. இரண்டாவதில் வந்த ஆங்கிலச் சொல், தமிழ் எழுத்தில். மூன்றாவதில் அவள் எழுதியது. நான்காவதில் அவள் எழுதியிருக்க வேண்டியது.

'ஸ்லோ டவுன்': சீரமைப்பு: ஆர்டர் வரும் வேகம் குறைகிறது.

'ட்ரிம்': சீரமைப்பு: செலவைக் கத்தரிக்கிறார்கள்.

'ஷ்ரிங்க்': சீரமைப்பு: வியாபாரம் சுருங்குகிறது.

'டிக்ளைன்': சீரமைப்பு: விற்பனை சரிகிறது.

'டிவிண்டில்': சீரமைப்பு: ஆர்டர் தேய்ந்து தேய்ந்து ஒன்றிரண்டில் நிற்கிறது.

'ஸ்கேல் டவுன்': சீரமைப்பு: ஆலையின் அளவையே குறைக்கிறார்கள்.

'வைண்ட் டவுன்': சீரமைப்பு: படிப்படியாக மூடுகிறார்கள்.

எட்டாவது வரியை அடிக்கும்போது விரல் இரண்டு தடவை வழுக்கியது. 'சீஸ்': இந்த மாதக் கடைசியோடு நிறுத்துகிறார்கள்.

அட்டவணைக்குக் கீழே: 'தொடரலாம் என்பது கடிதத்தில் இல்லை. நானாக எழுதியது. தவறு என்னுடையது. பெட்டி மூன்று மணிக்கு மூடும். ஃபாரம் என்னிடம் இருக்கிறது.'

மொத்தத்தையும் ஒரு பார்வை பார்த்தாள். இத்தனை நாளும் தனித்தனியாக வந்தவை. ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்க வைத்த பிறகுதான் தெரிந்தது, அவை ஒரு படிக்கட்டு. ஒவ்வொரு படியிலும் அவள் ஒரு மெத்தையை விரித்து வைத்திருந்தாள், இறங்குகிறோம் என்றே யாருக்கும் தெரியாதபடி.

"ஷிஃப்ட் லிஸ்டா?"

"ஆமா சார்."

பொய். மேனேஜர் தலையைத் தூக்கவில்லை. கை மட்டும் நீண்டது.

"எத்தனை வரி?"

"எட்டு."

"போன வாரம் பதினாலு இருந்ததே."

"குறைஞ்சுடுச்சு சார்."

பேனாவின் மூடி திறந்தது. முனை தாளின் அடிப்பக்கம் போனது. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு எட்டு. அவள் மூச்சை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

பேனா நின்றது. கையெழுத்துப் போடும் இடத்திலிருந்து மேலே ஏறி, முதல் கட்டத்தில் வந்து ஊன்றியது.

"அடுத்த வாரத்துக்கு ஷிஃப்ட் போடச் சொன்னா, போன வருஷத் தேதியப் போட்டிருக்கீங்க?"

எழுத்து அவருக்குக் கோலம். எண்கள் எல்லோருக்கும் எண்கள்தான். எட்டு வரியையும் கவனித்த டிக்‌ஷனரி அதை மட்டும் மறந்துவிட்டாள்.

மேனேஜர் பின்னால் இருந்த ஃபைலை எடுத்தார். ஒவ்வொரு கடிதமாகத் திருப்பினார். முதல் தேதி. இரண்டாம் தேதி. ஏழும் வரிசையாகப் பொருந்தின.

"இதெல்லாம் நம்ம லெட்டருங்க தேதி." குரல் தணிந்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "படிங்க. சத்தமா."

படித்தாள். முதல் வரி. இரண்டாவது வரி. மூன்றாவதில் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சீரமைப்புன்னா என்னம்மா?"

"கோணலா இருக்கறதை ஒழுங்கு பண்றது சார்."

"ஷ்ரிங்குக்கு அதையா எழுதினீங்க?"

"ஏழுக்கும் அதைத்தான் எழுதினேன்."

"வைண்ட் டவுனுக்குமா?"

"அதுக்கும்தான். கூடவே... இங்கேயே தொடரலாம்னு."

மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"நான் தினமும் சாயங்காலம் அந்தப் பெட்டியத் திறந்து எண்ணறேன்" என்றார். "பதினொண்ணு. பதினொண்ணு. பதினொண்ணு. மூடப் போறாங்கன்னு தெரிஞ்சும் எழுபத்திரண்டு பேர்ல பதினொரு பேர்தான் கிளம்பறாங்க, மத்தவங்க இந்த ஊரை விட்டு வர மாட்டோம்னு முடிவு பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன். வீட்ல போய்ச் சொன்னேன், இவ்வளவு பிடிவாதமான ஜனங்களப் பார்த்ததே இல்லன்னு."

டிக்‌ஷனரிக்குப் பன்னிரண்டேகாலுக்குக் கிடைத்த தோள் விலகிக்கொண்டது. எல்லாரும் எதிர்பார்த்ததுதான் என்று அவர் சொன்னது கல்நெஞ்சத்தில் அல்ல. அவள் தன் வேலையைச் செய்திருப்பாள் என்ற நம்பிக்கையில்.

"முன்னாடியே ஏன் சொல்லல?"

"ரீல்காரர் மாதிரி இன்னொருத்தர் போயிடுவாரோன்னு..."

"ஒருத்தருக்குப் பயந்து அறுபத்தோரு பேரையா?"

கடிகாரம் இரண்டு பதினாறு காட்டியது. மேனேஜர் எழுந்து ஜன்னல்வரை போனார். திரும்பி வந்தார். டெலிபோன் மேல் கையை வைத்தார்; எடுத்தார். அந்தக் கை எந்தப் பக்கம் போகும் என்பதை மட்டும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது டிராயருக்குள் போனது. ஸ்கேலும் தடித்த கறுப்பு மார்க்கரும் வெளியே வந்தன. எட்டாவது வரிமேல் ஸ்கேலை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பூசினார். ஒரு எழுத்தும் தெரியவில்லை.

"சார்..."

"இது திங்கட்கிழமைன்னு எனக்குச் சொல்லியிருக்காங்க. ஆர்டரை மீறி நான் போட முடியாது. மத்த ஏழும் ஏற்கெனவே கண்ணாடிக்குள்ள போனது. போனதைத் திருத்தறதுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்ல." கையெழுத்து. சீல். சாவி. "எட்டாவது என்னன்னு யார் கேட்டாலும் சொல்லாதீங்க. சொன்னா இந்தத் தாளே செல்லாது. மூணு மணிக்கு நான் எண்ணிக்கைய அனுப்பியாகணும். மூணுன்னா மூணு."

கேட்டுக்கு அவள் ஓடினாள் என்று சொல்ல முடியாது. ஓடினால் வாட்ச்மேன் கேட்பார். ஓட்டத்தை அடக்கிக்கொண்டு நடந்தாள். கண்ணாடிக் கதவு எப்போதும் போல் பாதியில் சிக்கியது. 'இங்கேயே தொடரலாம்' என்ற பழைய தாள் வெயிலில் மஞ்சளாகியிருந்தது. பிய்த்தாள். ஒரு மூலை பலகையிலேயே ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அதன் மேலேயே புதியதை ஒட்டிக் கதவைப் பூட்டினாள்.

இரண்டரை மணிச் சங்கு. காலை ஷிஃப்ட் வெளியே வரும், மதிய ஷிஃப்ட் உள்ளே போகும் நேரம். எழுபத்திரண்டு பேரும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் போக வேண்டும். நின்று பார்ப்பார்களா என்பதுதான் கேள்வி. வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகும் அவசரத்தில் ஷிஃப்ட் லிஸ்ட்தானே என்று பத்துப் பன்னிரண்டு பேர் தாண்டிப் போய்விட்டார்கள். அவள் யாரையும் கூப்பிடவில்லை. வாயால் சொன்னால் மறுபடி வதந்தியாகிவிடும். ஃபாரம் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றாள்.

முதலில் நின்றவர் சந்தேகம்.

"என்னது இது? ஷிஃப்ட் லிஸ்ட்ல இங்கிலீஷ் பாடம் நடத்துறாங்க?" மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வழக்கம்போல் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். மூன்றாவது வரிக்கு வந்தபோது பின்னால் இருபது பேர் சேர்ந்திருந்தார்கள். ஐந்தாவது வரியில் சத்தம் இறங்கியது. ஏழாவதை அவர் மெல்லத்தான் படித்தார். ஆனால் அங்கே அப்போது வேறு சத்தமே இல்லை. தாண்டிப் போனவர்களும் திரும்பி வந்திருந்தார்கள்.

"ஏழு தடவ சீரமைச்சாச்சு" என்றார் சந்தேகம். "நானும் பார்த்துக்கிட்டே இருந்தேன், இன்னும் சீராகலயேன்னு."

பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா டிக்‌ஷனரி. எட்டாவது என்னது? எதுக்குக் கறுப்பு?"

"சொல்ல எனக்கு அனுமதி இல்லை."

"மேனேஜர் கையெழுத்து இருக்கு, சீல் இருக்கு, நடுவுல கறுப்பு இருக்கு." அவர் விரலைக் கண்ணாடியில் வைத்து மேலிருந்து கீழே இறக்கினார். "வேகம் குறைஞ்சுது. கத்தரிச்சாங்க. சுருங்கிச்சு. சரிஞ்சுது. தேஞ்சுது. அளவைக் குறைச்சாங்க. மூட ஆரம்பிச்சாங்க. இதுக்கு மேல மறைக்கிறதுக்கு என்ன மிச்சம் இருக்கு?"

விரல் கறுப்புப் பட்டையில் போய் நின்றது.

"எனக்கு இதுல சந்தேகமே இல்ல" என்றார்.

அதைக் கேட்டுத்தான் கூட்டம் பயந்தது.

அடுத்த நிமிடம் அவளைச் சுற்றி முப்பது கைகள். ஃபாரம் கிழிந்துவிடுமோ என்று தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். பேனா போதவில்லை. அடுக்கி வைத்த அட்டைக் கட்டுகள் மேசையாயின. ஒருவர் முதுகு இன்னொருவருக்குப் பலகையானது. யாரோ அவளைப் பார்த்து, "உன்னை நம்பினோமே தாயே" என்று சொல்லிவிட்டு ஃபாரத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். யார் என்று அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இரண்டு நாற்பத்தி நான்கு. கூட்டத்தின் பின்னால் கொழுந்தன் நின்றுகொண்டிருந்தான். கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு திரும்பி சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் நடந்தான்.

மிச்ச ஃபாரங்களைச் சந்தேகத்தின் கையில் திணித்துவிட்டு, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அவன் பின்னால் போனாள். இந்தத் தடவை ஓடியே போனாள்.

"தம்பி, நில்லு."

"நான் அப்பவே எழுதிட்டேன் அண்ணி." அவன் திரும்பவில்லை. சைக்கிள் பூட்டில் சாவி நுழையாமல் நழுவியது. "ஒரு வாரம் சண்டை போட்டு உங்க ஓரகத்தியச் சம்மதிக்க வெச்சு, பேர் எழுதி, சட்டைப் பையில வெச்சிருந்தேன். காலைல போடறதுக்கு. போட வந்தப்பத்தான் நோட்டீஸ்ல உங்க அடுத்த வரிய கவனிச்சேன். வீட்டுக்குத் திரும்பிப் போய், 'போக வேணாம்டி, அண்ணி எழுதிட்டாங்க'ன்னு சொன்னேன். ரெண்டு பேருமா சேர்ந்துதான் கட்டில் காலுக்கு வெச்சோம்."

"இப்ப எழுது. பத்து நிமிஷம் இருக்கு. என்னை அப்புறமா என்ன வேணாலும் கேளு."

"அவகிட்ட கேட்கணும்." போனை எடுத்தான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டான். "எடுக்கல. பிள்ளையக் கூட்டிட்டு வர ஸ்கூலுக்குப் போயிருப்பா. போனை வீட்லயே வெச்சுட்டுப் போறதே வேலை."

இரண்டு ஐம்பத்தொன்று.

அவள் தாளை சைக்கிள் சீட்டில் வைத்து அழுத்திப் பிடித்தாள். அவன் பேனாவையும் பார்த்தான், அவளையும் பார்த்தான். மூன்றாவது தடவை போட்ட போனும் அடித்து ஓய்ந்தது. பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தான். பெயர். டோக்கன் நம்பர். எத்தனை வருடம். கடைசிக் கட்டத்தில் நிறுத்தினான்.

"குடும்பத்துல ஒருத்தர் கையெழுத்து வேணுமாமே. அன்னைக்கு அவ போட்டிருந்தா."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"போடுங்க. அண்ணியும் குடும்பம்தானே." பேனாவைத் தலைகீழாகத் திருப்பி நீட்டினான். "கையெழுத்தையாவது உள்ளது உள்ளபடி போடுங்க."

போட்டாள்.

பெட்டிக்கு முன்னால் நான்கு பேர் வரிசையில் இருந்தார்கள். மேனேஜர் கையில் பழுப்பு டேப்போடு கதவில் சாய்ந்து நின்றார். முன்னால் நின்றவர் தாளை எட்டாக மடித்துத் திணித்துக்கொண்டிருந்தார். திறப்புவரை நிறைந்துவிட்டது. மணி இரண்டு ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு. கொழுந்தன் தன் தாளை விரலால் உள்ளே தள்ளினான். அது பாதி போய் நின்றது. மறுபடி தள்ளினான். அட்டையின் விளிம்பு விரலைக் கீறியது. தாள் உள்ளே போனது.

மேனேஜர் டேப்பை இழுத்தார். திறப்பின் மேல் ஒட்டி, கட்டைவிரலால் தேய்த்தார். ஸ்டூலிலிருந்து தூக்கியபோது கொஞ்சம் சிரமப்பட்டார். ஒரு சின்னப் பெருமூச்சோடு உள்ளே போய்விட்டார். டிக்‌ஷனரி பக்கம் அவர் பார்க்கவில்லை. திங்கட்கிழமை அவளுக்கென்று ஒரு கடிதம் வரும். அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்காது.

வராந்தாவில் சந்தேகம் மிச்சமிருந்த ஃபாரங்களை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். ஏழு.

"நீங்க போடலயா பெரியவரே?"

"இந்த வயசுல புது ஊருக்குப் போயி, புதுசா யாரை நான் சந்தேகப்படறது?" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போனார்.

கொழுந்தன் விரலை வாயில் வைத்துச் சூப்பிக்கொண்டே சைக்கிளைத் தள்ளினான். கேட்வரை அவள் கூட நடந்தாள். கண்ணாடிப் பலகையை இருவருமே பார்க்காமல் தாண்டினார்கள். வெளியே வந்ததும் அவன் நின்றான். சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான், மனைவிதான் என்று அவன் முகமே சொன்னது. பேசாமல் அவள் பக்கம் நீட்டினான்.

"நீங்களே சொல்லுங்க அண்ணி. சீரமைப்புன்னு மட்டும் சொல்லிடாதீங்க."